முகவரி தொலைந்த பணம்

2024 ஏப்ரலில் வடலூர்ப் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையத்துக்காகப் பள்ளம் தோண்டத் தொடங்கியபோது பார்வதிபுரத்து மக்கள் திரண்டு வந்து மறித்தார்கள். இது எங்கள் முன்னோர் கொடுத்த நிலம், வெட்டவெளியாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அரசு சொன்னது சரியா, ஊரார் சொன்னது சரியா என்பது வேறு பேச்சு. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த மறியலில் வெளிப்பட்ட நினைவுதான். 1867இல் வள்ளலார் என்ற இராமலிங்க அடிகள் சத்திய தருமசாலையைத் தொடங்கியபோது பார்வதிபுரத்தார் தானமாக விட்டது 80 காணி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 106 ஏக்கர். கொடுத்து 157 ஆண்டு ஆகிவிட்டது. திரும்பி வரும் என்ற எண்ணமே இல்லாமல் கொடுத்த நிலம். அதை எதுவரை கொடுத்தோம், எதற்குக் கொடுத்தோம் என்று ஐந்தாறு தலைமுறைக்குப் பின் வந்தவர்கள் எல்லை காட்டிப் பேசுகிறார்கள்.

அதே வட்டாரத்தில், அதே மக்களின் சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் வங்கி அதைச் ‘செயல்படாத கணக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறது. பத்து ஆண்டு கடந்தால் அது ‘உரிமை கோரப்படாத டெபாசிட்’. நாடு முழுவதும் இப்படி ஒதுங்கி ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்திருந்த தொகை 2024 மார்ச் இறுதியில் 78,213 கோடி ரூபாய். பத்திரிகைகள் இதை ‘மறந்துபோன பணம்’ என்று எழுதுகின்றன. 157 ஆண்டுக்கு முன் கொடுத்த தானத்தை மறக்காத ஒரு சமூகம், இருபது ஆண்டுக்கு முன் போட்ட பணத்தை மட்டும் மறந்துவிடுமா? சிலர் மறக்கலாம். ஆனால் வடலூரையும் நெய்வேலியையும் சேர்த்துப் பார்த்தால், கடந்த எழுபது ஆண்டுக் கதை வேறு ஒன்றைச் சொல்கிறது. பணத்தின் மேல் எழுதி வைத்திருந்த முகவரி அழிந்துபோனது. அழித்ததில் பெரும்பங்கு அரசின் திட்டங்களுக்கும் அலுவலக ஒழுங்குகளுக்கும் உண்டு. ஆகவே தேடும் வேலையும் பணத்தை வைத்திருப்பவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்தப் பக்கத்துச் சேமிப்பு வெகுகாலம் கைக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது. நெல் குதிரில், நகை பெட்டியில், சீட்டுப் பணம் சீட்டு பிடிப்பவரிடம். வாங்கியவர் இறந்தால் கருமாதி முடிந்ததும் அவர் மகனிடம் பேச்சு எடுக்கலாம், சாட்சிக்குத் தெருவே இருக்கும். 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தபோதும் இது பெரிதாக மாறவில்லை. கணக்கு புத்தகத்துக்குப் போனது, ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்த போஸ்ட்மாஸ்டரும் தபால்காரரும் ஆளை முகம் பார்த்து அறிந்தவர்கள். அந்தக் காலத்து மக்கள் அஞ்சியது வேறு ஆபத்துக்கு. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி மூழ்கி, நம்பிப் பணம் போட்ட குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. அந்தக் கசப்பிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு, 1962 முதல் டெபாசிட்டுக்குக் காப்பீடு வந்தது. ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. வங்கி செத்தால் என்ன செய்வது என்று சட்டம் இவ்வளவு யோசித்தது. கணக்கு வைத்தவர் செத்தால் என்ன செய்வது என்று யோசிக்க இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. வங்கி டெபாசிட்டுக்கு நாமினி போடும் வசதி நடைமுறைக்கு வந்தது 1985இல்தான். அதற்கு முந்தைய கணக்குகளில் அந்தக் கட்டமே கிடையாது.

இந்த இடைவெளியில்தான் நெய்வேலி முளைத்தது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் கம்பெனியாகப் பதிவானது, 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த ஆண்டு மின்சாரம். சுற்றிலும் முந்திரியும் மல்லாட்டையும் கம்பும் விளைந்த மண்ணில், மாதம் பிறந்தால் சம்பளம் என்ற வாழ்க்கை திடீரென்று வந்து இறங்கியது. கூடவே பாஸ்புக்கும் வந்தது. 1969இல் வங்கிகள் நாட்டுடைமையானதும் கிளைகள் பெருகின. அப்போது கணக்குத் திறக்க அடையாள அட்டை எதுவும் வேண்டியதில்லை. அந்தக் கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட்டால் போதும். வாடிக்கையாளரை ஆவணம் வாங்கி அடையாளம் காண வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வரையறுத்துச் சொன்னது 2002இல்தான். ஆக, 1960களிலும் 70களிலும் திறந்த ஒரு கணக்கின் அட்டையில் இருப்பவை நான்கு: ஒரு பெயர், ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு, அறிமுகம் செய்தவரின் எண், ஒரு முகவரி. முதல் மூன்றும் ஆள் நேரில் வந்து நின்றால் சரிபார்க்க உதவும். ஆள் வராவிட்டால் தேடிப் போக உதவுவது நான்காவது ஒன்றுதான்.

அந்த முகவரிதான் இங்கே நிலையில்லாதது. நெய்வேலி நகரியத்தின் வீடுகள் கம்பெனியுடையவை. வட்டம் இத்தனை, தெரு இன்னது, குவார்ட்டர்ஸ் எண் இது என்று எழுதிய முகவரி, வேலை இருக்கும் வரைக்கும்தான் செல்லும். பதவி உயர்ந்தால் பெரிய வீடு, அதாவது வேறு வட்டம். ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பது ஆண்டு ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு மூன்று நான்கு முகவரிகள் இருந்திருக்கும், அவற்றில் ஒன்றுகூட ஓய்வுக்குப் பிறகு அவருடையதாக இருக்காது. அப்படிக் கிளம்பியவர்களில் கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் திரும்பியவர்கள் உண்டு. வெகுதூரம் போகாமல் வடலூரிலும் குறிஞ்சிப்பாடியிலும் மந்தாரக்குப்பத்திலும் மனை வாங்கி வீடு கட்டியவர்களும் நிறைய. வங்கிக் கடிதம் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போகும், அங்கே குடியிருப்பவர் ‘இப்படி யாரும் இல்லை’ என்பார், கடிதம் திரும்பும், கோப்பில் ஒரு குறிப்பு ஏறும். கடிதம் தேடிய ஆள் அதே நேரத்தில் வடலூர் பஸ் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கக்கூடும். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

குவார்ட்டர்ஸாவது வேறொருவர் குடியிருக்கும் வீடாக நிற்கிறது. நிலம் கொடுத்த ஊர்களுக்கு அதுவும் இல்லை. திறந்தவெளிச் சுரங்கம் என்பது ஊரை மேலிருந்து உரித்து எடுக்கும் வேலை. வயல், தெரு, குளம், சுடுகாடு என்ற வேறுபாடு இயந்திரத்துக்குக் கிடையாது. வேலுடையான்பட்டு என்ற பெயர் இன்று வெளியூர்க்காரருக்கு நகரியத்துக்குள் இருக்கும் முருகன் கோயிலின் பெயர்தான். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து வருபவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஊரின் பெயர் என்று தோன்றும்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கத்தாழை, கரிவெட்டி என்று இரண்டாம் சுரங்கத்தின் ஓரத்தில் நிற்கும் பெயர்கள் இன்னும் உண்டு. இத்தகைய ஊரைச் சொல்லித் திறந்த கணக்குக்கு வங்கி கடிதம் போட்டால் அது போய்ச் சேரும் இடம் ஒரு பள்ளம். அங்கிருந்து கடிதம் திரும்பி வந்ததை வைத்து, கணக்குக்காரர் தன் பணத்தைப் பற்றி அக்கறை இல்லாதவர் என்று எந்த நியாயத்தில் முடிவுகட்டுவது?

ஊர் அழியாத இடத்திலும் பெயர்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முந்தைய பாஸ்புக்குகளில் அது இருக்க வழியில்லை. ‘தென்னாற்காடு ஜில்லா’ என்று எழுதியது 1993இல் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் ஆயிற்று, தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது கடலூர் மாவட்டம் என்று மாறியது. பேரூராட்சியாக இருந்த வடலூர் 2021இல் நகராட்சியானது. வங்கிகளும் சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூர் வங்கி 1990இல் இந்தியன் வங்கியில் கரைந்தது. திருவாங்கூர் ஸ்டேட் வங்கி 2017இல் ஸ்டேட் வங்கிக்குள் போனது, சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கிக்குள், அதே ஆண்டு கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கிக்குள். லெட்ஜர்கள் கணினிக்கு ஏறியபோது கணக்கு எண்களும் மாறின. பெட்டியின் அடியில் கிடக்கும் பாஸ்புக்கில் ஒரு வங்கியின் பெயரும் பழைய எண்ணும், இன்றைய திரையில் வேறொரு வங்கியின் பெயரும் பதினைந்து இலக்க எண்ணும். இரண்டையும் இணைக்கும் ஏடு கிளைக்குள்தான் இருக்க முடியும், வாடிக்கையாளர் வீட்டில் இருக்க முடியாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வகைப் பணமும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது நில இழப்பீடு. முதல் சுரங்கத்துக்கு நிலம் எடுத்த காலத்தில் நடப்பில் இருந்தது 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். பட்டா பாட்டன் பெயரில் இருந்தாலும், பங்காளிகளுக்குள் தகராறு இருந்தாலும், இந்தத் தொகை போதாது என்று உரியவர் வாங்க மறுத்தாலும், கலெக்டர் அந்தப் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிடலாம் என்று அதன் 31ஆம் பிரிவு சொன்னது. ‘கோர்ட்டு டெபாசிட்’ என்று மக்கள் வாயில் வழங்குவது இதுதான். தொகை குறைவு என்று 18ஆம் பிரிவில் மனுப் போட்டவர்களுக்குக் கூடுதல் இழப்பீடு தீர்ப்பானால், அதுவும் பல ஆண்டு கழித்து இதே வழியில் வந்து சேரும். அதற்குள் மனுப் போட்டவர் இறந்திருப்பார், ஊர் இடம் பெயர்ந்திருக்கும், வக்கீலும் போய்ச் சேர்ந்திருப்பார். அரசுக் கருவூல விதிகளின்படி, இப்படிக் கட்டிய சிவில் டெபாசிட் மூன்று முழுக் கணக்காண்டுகள் கேட்பாரின்றிக் கிடந்தால் ‘காலாவதியான டெபாசிட்’ என்று அரசு வரவில் சேர்ந்துவிடும். உரிமை அதோடு செத்துவிடாது, பிறகும் கேட்டு வாங்கலாம். ஆனால் அதற்கு நீதிமன்ற உத்தரவோடு கணக்குத் துறையின் ஒப்புதலும் சேர வேண்டும். வங்கிக்குப் பத்து ஆண்டு இருக்கிறதென்றால், கருவூலத்துக்கு மூன்றே ஆண்டு. நிலத்தை எடுத்ததும் அரசு, பணத்தைக் கட்டியதும் அரசு, மூன்று ஆண்டில் திரும்ப வரவு வைத்துக்கொள்வதும் அரசு. நடுவில் நிலத்துக்காரருக்குப் போன அறிவிப்பு எந்த முகவரிக்குப் போனது? எடுத்துக்கொண்ட அந்த நிலத்தின் முகவரிக்கு.

இனி எதிர்த்தரப்பு. முதல் மறுப்பு நேரடியானது: பணம் போட்டவருக்கு இல்லாத அக்கறை வங்கிக்கு எதற்கு? முகவரி மாறினால் சொல்ல வேண்டியது வாடிக்கையாளரின் கடமை அல்லவா? கடமைதான். ஆனால் சேமிப்புக் கணக்கு என்பது பாதுகாக்கக் கொடுத்த பொருள்கூட அல்ல, அது கடன் என்பது 1848இலேயே இங்கிலாந்தின் ஃபோலி வழக்கில் தீர்ந்த விஷயம். வங்கி கடனாளி, பணம் போட்டவர் கடன் கொடுத்தவர். நம் காலவரையறைச் சட்டமும் இதற்கு ஒத்தே போகிறது. கைமாற்றுக் கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டில் கெடு முடிந்துவிடும். வங்கியில் கேட்டதும் தர வேண்டிய பணத்துக்கோ, கேட்ட நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும் என்கிறது 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் இனம். நாற்பது ஆண்டு கேட்காவிட்டாலும் உரிமை ஒரு நாள்கூடத் தேயவில்லை என்பதே இதன் பொருள். கடன் கெடாது என்று சட்டம் சொல்லும்போது, அந்தக் கடனில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தவர் கடன் கொடுத்தவரைத் தேட வேண்டாம் என்பது எப்படிப் பொருந்தும்? பத்து ஆண்டு தொடாத கணக்குகளை ஒவ்வோர் ஆண்டும் பட்டியலிட்டு ரிசர்வ் வங்கிக்கு அனுப்ப வேண்டும் என்று 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வைத்திருந்தது. அதாவது எண்ணிக்கை தெரியும். தொகை தெரியும். பட்டியல் பொதுமக்கள் கண்ணில் பட்டதா? பெயர்களை வங்கிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது 2012இல். அறுபது ஆண்டுக்கு மேல் அந்தப் பட்டியல் மேலிடத்துக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தது, கீழே பணத்துக்குரியவர் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவு காலமும் பணம் வங்கியிடமே கிடந்து வங்கிக்கே உழைத்தது. 2014 மே மாதம் ‘டெபாசிட்தாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி’ ஏற்பட்ட பிறகுதான் பத்து ஆண்டு கடந்த பணம் ரிசர்வ் வங்கிக்கு மாறியது. உரியவர் வந்தால் கிளையே கொடுத்துவிட்டு நிதியிலிருந்து ஈடு வாங்கிக்கொள்ளும். அந்த நிதியில் கிடக்கும் காலத்துக்கு வட்டியும் உண்டு: தொடக்கத்தில் 4 சதவீதம், 2018 ஜூலையிலிருந்து 3.5, 2021 மே மாதத்திலிருந்து 3.

இரண்டாவது மறுப்பு கனமானது: பெயரை ஊரறியப் போட்டால் மோசடிக்காரன் முந்திக்கொள்வான். இந்தப் பயம் வெற்றுப் பயமல்ல. அதனால்தான் 2012இன் உத்தரவு பெயரும் முகவரியும் மட்டும் போடச் சொன்னது, கணக்கு எண்ணும் வகையும் கிளையும் கூடாது என்றது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திறந்த ‘உத்கம்’ தளம் இன்னும் கறாரானது. பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பிறந்த தேதி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்கிறது. எதுவும் இல்லாவிட்டால் முகவரி. ஏற்கத்தக்க எச்சரிக்கைதான். ஆனால் எச்சரிக்கை யாரை வெளியே நிறுத்துகிறது என்று பாருங்கள். வாக்காளர் புகைப்பட அட்டை வந்ததே 1993இல். 1972இல் கைநாட்டு வைத்துக் கணக்குத் திறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் கணக்கோடு இந்த ஐந்தில் ஒன்றும் இணைந்திருக்காது, மிஞ்சுவது முகவரி. அதன் கதையை மேலே பார்த்தோம். பெயரும் அவ்வளவு உறுதியானதல்ல. ஏழுமலை என்று நூறு பேர் இருந்தால் ஆங்கிலத்தில் ‘ழ’வுக்குச் சிலர் எல் போட்டிருப்பார்கள், சிலர் இசட்-எச். தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், பின்னால் நிற்கும், சில ஏடுகளில் முழுப்பெயராக விரிந்து குடும்பப் பெயர் போல உட்கார்ந்திருக்கும். அடிகளின் பெயரை விரும்பி வைக்கும் இந்தப் பக்கத்தில் ‘ராமலிங்கம்’ என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள், அதில் எவர் நம் தாத்தா? தளம் உதவாது என்று நான் சொல்லவில்லை. ஆவணங்களோடு வாழ்ந்த தலைமுறைக்கு அது நன்றாகவே உதவும். ஆவணமின்றி, ஆள்முகம் பார்த்துக் கணக்குத் திறந்த தலைமுறைக்கு வேறு வழி வேண்டும்.

கேட்பவரிடம் நிரூபிக்கச் சொல்வது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எல்லைக்கல் ஐரோப்பாவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாஜி முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களின் பிள்ளைகள் சுவிஸ் வங்கிகளிடம் போனபோது, இறப்புச் சான்றிதழ் கேட்ட கதை அது. முகாம்கள் சான்றிதழ் தருவதில்லை. ஐம்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1997இல் வங்கிகளே பெயர்ப்பட்டியலைச் செய்தித்தாள்களில் வெளியிட்டன, 1998இல் 125 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. அந்தக் கொடுமையையும் நெய்வேலியையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். நடைமுறை மட்டும் ஒப்பிடத்தக்கது. ஆவணம் கிடைக்க வழியே இல்லாத இடத்தில் ஆவணம் கேட்பது, பார்வைக்கு விதி போல இருக்கும், பலனில் மறுப்பு. அங்கே அது உடைந்ததும் வைத்திருப்பவர் பக்கமிருந்து பட்டியல் வெளியே வந்த பிறகுதான்.

மூன்றாவதாக, இந்தப் பணத்தை நல்ல காரியத்துக்குச் செலவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 15 ஆண்டு தொடாத கணக்குப் பணம் ஒரு தனி நிதிக்குப் போய்ச் சமூகப் பணிகளுக்குச் செலவாகிறது, அயர்லாந்து 2001இலேயே இப்படிச் செய்தது. இரண்டு நாட்டிலும் உரியவர் எப்போது வந்தாலும் பணம் உண்டு. இங்கும் அஞ்சலகச் சேமிப்பு, வருங்கால வைப்புநிதி போன்றவற்றில் கேட்பாரற்றவை 2016 முதல் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகின்றன. ஆனால் போய் 25 ஆண்டு ஆகியும் யாரும் கேட்காவிட்டால் அது அரசுக்கே சொந்தம். வங்கிப் பணத்துக்கு இல்லாத இந்தக் கெடு அஞ்சலகத்தில் போட்டவருக்கு மட்டும் ஏன்? கிராமத்து மக்களும் கூலிக்காரர்களும் வங்கியைவிடத் தபாலாபீஸைத்தான் நம்பினார்கள் என்பதை நினைத்தால், இந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. இதற்கு ஓர் ஓரக்குறிப்பு: 1986இல் வந்த இந்திரா விகாஸ் பத்திரத்தில் வாங்கியவர் பெயரையே எழுதமாட்டார்கள். கையில் இருப்பவருக்குச் சொந்தம், தொலைந்தால் தொலைந்ததுதான். 1999இல் அதை நிறுத்தினார்கள். முகவரி தொலைவதற்கு முன்பே முகவரி இல்லாமல் பிறந்த சேமிப்பு அது.

தேடிக் கண்டுபிடித்த பிறகும் வழி நீளம். கணக்குக்காரர் உயிரோடு இருந்தால் சிக்கலில்லை, ஆதாரும் போட்டோவும் கொடுத்துக் கணக்கைப் புதுப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2024 ஏப்ரலிலிருந்து விதி. இறந்திருந்தால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், தொகை பெரிதானால் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றச் சான்று. அதற்குக் கோர்ட்டுக் கட்டணம், வக்கீல், வாய்தா. நாமினி பெயர் இருந்தால் வங்கி அவரிடம் கொடுத்துவிட்டுக் கைகழுவலாம். அவர் வாங்கிப் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டியவரே தவிர உரியவர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகவே சொன்னது. கணக்கில் எட்டாயிரம் ரூபாய் கிடந்து, அதை எடுக்கப் பன்னிரண்டாயிரம் செலவாகுமென்றால் குடும்பம் அதை விட்டுவிடும். அதை மறதி என்று பதிவு செய்வது சரியாகாது, அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. இந்த இடத்தில் ரிசர்வ் வங்கி அண்மையில் செய்தது நல்ல காரியம். 2025 செப்டம்பரில் வந்த விதிகள், வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையிலும் நீதிமன்றச் சான்று கேட்காமல், எளிய ஆவணங்களோடு தரச் சொல்கின்றன. ஆவணங்கள் சரியாக வந்த பிறகு 15 நாளில் தீர்க்க வேண்டும். அதே ஆண்டு நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். இவையெல்லாம் கேட்க வந்தவருக்கு உதவும் ஏற்பாடுகள். கேட்க வேண்டும் என்று தெரியாதவரை இவை எட்டாது.

அவரை எட்ட வழி உண்டா என்றால், மற்ற ஊர்களுக்கு எப்படியோ, இந்த வட்டாரத்துக்கு உண்டு. இங்கே ஆட்களை இடம் மாற்றியவர்கள் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நிலம் எடுத்த தீர்வாணையில் சர்வே எண், நிலத்துக்காரர் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கும். மாற்று மனை கொடுத்த பட்டியலில் எந்த ஊர்க்காரர் எங்கே போனார் என்பது இருக்கும். குவார்ட்டர்ஸ் ஒப்படைத்தவர் ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த புது முகவரி இருக்கும், அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை சான்றும் வந்துகொண்டிருக்கும். வங்கிக் கிளையிடம் பழைய முகவரி, நிறுவனத்திடமும் வருவாய்த்துறையிடமும் புதிய முகவரி. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணிசமான பேரைக் கண்டுபிடித்துவிடலாம். தனிமனிதத் தகவலை ஒரு அலுவலகம் இன்னொன்றுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழும், எழத்தான் வேண்டும். அதற்கு வங்கி நிறுவனத்திடம் முகவரி கேட்க வேண்டியதில்லை. ‘உங்களுக்கு இன்ன கிளையில் ஒரு பழைய கணக்கு இருக்கலாம், போய்ப் பாருங்கள்’ என்ற கடிதத்தை வங்கி எழுதித் தந்தால், நிறுவனமே தன் ஓய்வூதியர்களுக்கு அனுப்பிவைக்கலாம். தகவல் கைமாறாது, கடிதம் மட்டும் போகும். 2023 ஜூன் முதல் ரிசர்வ் வங்கி ‘100 நாள் 100 பட்டுவாடா’ என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு வங்கியும் பெரிய தொகை கொண்ட நூறு கணக்குகளைத் தேடித் தீர்க்கச் சொன்னது. தேடினால் கிடைக்கும் என்று ஒழுங்காற்றுபவரே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெரியவை நூறு என்று நிறுத்தியதுதான் குறை. நூற்றியோராவது கணக்கிலிருந்துதான் தொழிலாளர்களின் கணக்குகள் தொடங்கியிருக்கும்.

இதில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிலை இன்னும் சிதறியது. காண்ட்ராக்டர் மாறினால் வருங்கால வைப்புநிதி எண்ணும் மாறிவிடும். வேலை அதே சுரங்கத்தில், அதே பெல்ட்டின் கீழ், எண் மட்டும் புதிது. எல்லா எண்களையும் ஒரே ஆளோடு கட்டும் பொது எண் 2014இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எண்கள் பழைய காண்ட்ராக்டர்களின் கோப்புகளில் தங்கிவிட்டன, அந்தக் காண்ட்ராக்டர்களில் பலர் இன்று தொழிலிலேயே இல்லை. இயங்காத கணக்குகளுக்கு 2011இல் வட்டியை நிறுத்தி, 2016இல் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு குடும்பத்தில் தாத்தா நிலம் கொடுத்தவர், அப்பா நிரந்தரத் தொழிலாளி, மகன் காண்ட்ராக்ட் என்று இருப்பது இங்கே அபூர்வமில்லை. தாத்தாவின் பணம் நீதிமன்ற டெபாசிட்டில், அப்பாவுடையது வங்கியில், மகனுடையது வைப்புநிதியில். உத்கம் தளம் இந்த மூன்றில் நடுவில் இருப்பதை மட்டும் காட்டும். மற்ற இரண்டுக்கும், இன்றைய தேதியில், வடலூரிலிருந்து பஸ் ஏறிக் கடலூருக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக விசாரிக்க வேண்டியதுதான்.